கடலின் நிறமும் கமராவின் கண்ணாடியும்
முனைவாக்கும் வடிகட்டியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கல்முனைக் கடற்கரையில் முற்பகல் வேளையிற் கமராவுடன் நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஏமாற்றத்துக்கு ஆளாவர். கண்ணுக்கு நீலமும் பச்சையுமாக மாறி மாறித் தோன்றிய கடல், படத்தில் வெளிறிய ஈயத்தகடு போலக் கிடக்கும். மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஊடாக ஒலுவில் வரை வடக்குத் தெற்காக நீளும் இக்கரை கிழக்கு நோக்கியது. சூரியன் கடலிலிருந்தே எழுகின்றது. ஆகவே முற்பகல் முழுவதும் கடலைப் பார்ப்பவர் ஒளியை எதிர்கொண்டே பார்க்க நேர்கின்றது. ஊர்களுக்கு மேற்கே விரியும் வயல்வெளிகளிலும் இதே தொல்லை உண்டு. நெற்பயிரின் பச்சைக்கு மேல் வானத்தின் வெண்மை ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, பயிரின் நிறத்தை மறைத்துவிடும்.

இதற்கு மருந்தாக நிழற்படக் கலைஞர் கையாள்வது, வில்லையின் முன்னே திருகிப் பொருத்தப்படும் சாம்பல்நிற வட்டக் கண்ணாடி ஒன்று. அதன் பெயர் முனைவாக்கும் வடிகட்டி. கடைகளிற் பொதுவாகப் பில்டர் என்ற சொல்லே வழங்கும். அதனை வாங்கச் செல்பவர் முன் இருவகைகள் வைக்கப்படும். ஒன்று நேர்கோட்டு முனைவாக்கி, மற்றையது வட்ட முனைவாக்கி. பின்னையது விலை கூடியது. விலை கூடியதே சிறந்தது என்று விற்பவர் கூறுவார். வாங்குபவரும் அவ்வாறே நம்புவார். ஆனால் இவ்விரு வகைகளும் ஏன் தோன்றின என்பதை ஆராய்ந்தால், அதில் உயர்வு தாழ்வு பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்பது புலனாகும். ஒவ்வொரு காலத்திலும் இக்கண்ணாடியின் பின்னால் எது இருந்தது என்பதே அதன் வடிவத்தைத் தீர்மானித்தது. முதலில் மனிதக் கண் இருந்தது. பின்னர் படச்சுருள் வந்தது. அதன்பின் ஒளிமானியும் ஆடியும் வந்தன.

ஒளி ஒரு பரப்பிற் பட்டுத் தெறிப்பது பற்றிய ஆராய்ச்சி மிகப் பழையது. கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூல், பார்வை என்பது பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால் நிகழ்வதென நிறுவியதோடு, தெறிப்பையும் முறிவையும் பரிசோதனை வழியே ஆராய்ந்தது. எனினும் தெறித்த ஒளிக்கும் தெறிக்காத ஒளிக்கும் இடையே திசையும் நிறமும் செறிவும் தவிர்ந்த மற்றொரு வேறுபாடு உண்டென்பதை அக்காலத்தவர் அறிந்திருக்க வழியில்லை. அவ்வேறுபாட்டை மனிதக் கண் ஏறக்குறைய உணர்வதே இல்லை. தேனீ உணரும், வானொளியின் இப்பண்பைக் கொண்டு அது வழியறிகின்றது என்பதைக் கார்ள் வொன் பிரிஷ் 1949 இல் வெளிப்படுத்தினார். மனிதனுக்கோ அதனைக் காண ஒரு கல் தேவைப்பட்டது.

அக்கல் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. 1669 இல் டென்மார்க்கைச் சேர்ந்த இரஸ்மஸ் பார்த்தோலின், அத்தீவிற் கிடைத்த தெளிந்த கல்சைற்றுப் பளிங்கினூடாக ஓர் எழுத்தைப் பார்த்தபோது அது இரண்டாகத் தோன்றுவதை விவரித்தார். ஹைகன்ஸ் 1690 இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்க முயன்றார். ஓரளவே வெற்றி கண்டார். அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இந்த இரட்டை முறிவு ஒரு வேடிக்கைப் பொருள் என்ற அளவிலேயே இருந்தது எனலாம்.

அதனை வேடிக்கை நிலையிலிருந்து மீட்டவர் எற்றியன் லூயி மாலூஸ் என்னும் பிரெஞ்சுப் படைப் பொறியியலாளர். நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பிற் பங்குகொண்ட அவர், கெய்ரோவில் 1798 இல் அமைக்கப்பட்ட எகிப்திய நிறுவனத்தின் உறுப்பினருமாவார். இப்னுல் ஹைதம் வாழ்ந்த நகருக்கு எண்ணூறு ஆண்டுகளின் பின் படைவீரராகச் சென்ற ஒருவரே ஒளித்தெறிப்பின் மறைபொருளைக் கண்டார் என்பது வரலாற்றின் தற்செயல்களுள் ஒன்று. 1808 இல் பாரிசில் தம் இல்லத்திலிருந்து, எதிரே தெரிந்த லக்சம்பேர்க் மாளிகையின் சாளரக் கண்ணாடிகளிற் பட்டுத் தெறித்த மாலைச் சூரியனைக் கல்சைற்றுத் துண்டொன்றினூடாக அவர் நோக்கினார். வழமைபோல இரு விம்பங்கள் தெரியும் என்று எதிர்பார்த்தவருக்குக் கல்லைத் திருப்பும்போது ஒன்று மங்குவதும் மற்றையது ஒளிர்வதும் தெரிந்தன. தெறிப்பு என்னும் எளிய செயலே ஒளியின் இயல்பை மாற்றிவிடுகின்றது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1812 இல், 36 வயதில், அவர் இறந்தார்.

மாலூஸ் சூட்டிய பெயரே இன்றும் ஐரோப்பிய மொழிகளில் வழங்குகின்றது. ஒளி நுண்துணிக்கைகளால் ஆனதென்றும், காந்தத்துக்குப் போல அத்துணிக்கைகளுக்கும் முனைகள் உண்டென்றும், தெறிப்பின்போது அம்முனைகள் ஒரே பக்கமாகத் திரும்புகின்றன என்றும் அவர் கருதினார். கருத்துப் பிழையானது, பெயர் மட்டும் நிலைத்தது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘முனைவாக்கம்’ என்னும் சொல் அப்பெயரின் நேர்ப் பெயர்ப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்களோ ‘தளவிளைவு’ என்கின்றன. ஒளியலையின் அதிர்வு ஒரே தளத்தில் ஒடுங்குவதை உணர்த்துவதால் இச்சொல் பொருளுக்கு நெருங்கியது. ஆனால் அதிர்வு ஒரு தளத்தில் நில்லாது சுழன்று செல்லும் வட்ட முனைவாக்கத்தைப் பற்றிப் பேசவேண்டி வரும்போது ‘தளம்’ என்ற சொல்லே தடையாகின்றது. கலைச்சொல்லாக்கம் எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்கு இது நல்லதொரு சான்று. சாய்ந்தமருதை அடுத்துள்ள காரைதீவிற் பிறந்தவரும், 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவருமான விபுலானந்த அடிகளின் ஊரவருக்கு இவ்விடர்ப்பாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. இக்கட்டுரையில் இலங்கை வழக்கே பின்பற்றப்படுகின்றது.

மாலூசின் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து இரு செய்திகள் விரைவில் வெளிவந்தன. நிழற்படக் கலைஞருக்கு இரண்டுமே அடிப்படையானவை. 1809 இல் பிரான்சுவா அரகோ, தெளிந்த நீலவானத்தின் ஒளியும் முனைவாக்கப்பட்டதே எனக் கண்டார். சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பகுதியில் அது மிகுதி. சூரியனை அடுத்தும் அதற்கு நேரெதிர்த் திசையிலும் மிகக் குறைவு. 1815 இல் ஸ்கொட்லாந்தவரான டேவிட் புறூஸ்ரர், எந்தக் கோணத்தில் தெறிக்கும் ஒளி முழுமையாக முனைவாக்கப்படும் என்பதற்கு விதி வகுத்தார். அக்கோணத்தின் தாஞ்சன், பொருளின் முறிவுச் சுட்டிக்குச் சமன் என்பதே அது. நீரின் முறிவுச் சுட்டி 1.33, ஆகவே கோணம் 53 பாகை. இது நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கப்படுவது. நீர்ப்பரப்பிலிருந்து அளந்தால் 37 பாகை.

இந்த 37 பாகை என்னும் அளவு ஏட்டுச் சுரைக்காய் அன்று. கடற்பயணிகள் தூர்மலின் பளிங்குத் தகட்டினூடாக இக்கோணத்தில் நீரை நோக்கினால், மேற்பரப்பின் பளபளப்பு நீங்கி, அடியிலுள்ள பாறைகளைக் காணலாம் என்று அரகோ அறிவுரை கூறினார். கமராவின் பெயரே உலகம் அறியாத காலத்தில், இன்றைய வடிகட்டியின் பயன் முழுமையாக உரைக்கப்பட்டுவிட்டது எனலாம். நீர் விளிம்பில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்குமாயின், 37 பாகை சரிவிற் செல்லும் பார்வைக்கோடு நீரைத் தொடுவது இரண்டு மீற்றர் தொலைவிலேயாம். தொடுவானத்தை அடுத்த கடலில் வடிகட்டி பெரிதாக ஒன்றும் செய்வதில்லையே என்று குறைப்படுவோர் இக்கணக்கை மனங்கொள்ளல் வேண்டும். தொலைவிலுள்ள நீரின் ஒளிர்வை அகற்ற விரும்புபவர் உயர ஏறவேண்டும். பத்து மீற்றர் உயரத்தில் நின்றால் அத்தொலைவு பதின்மூன்று மீற்றராகும்.

தூர்மலின் நிறமுடைய பளிங்கு. பார்க்கும் பொருளுக்குத் தன் நிறத்தை ஏற்றிவிடும். இக்குறையை நீக்கியது நிக்கல் அரியம். எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிக்கல் 1828 இல் கல்சைற்றுத் துண்டைச் சாய்வாக வெட்டி, கனடாப் பிசின் கொண்டு மீண்டும் ஒட்டினார். இரு கதிர்களுள் ஒன்று பிசினிற் பட்டுப் பக்கவாட்டில் ஒதுங்க, மற்றையது மட்டும் நேரே வெளிவந்தது. தெளிவும் தூய்மையும் நிறைந்த கருவி இது. விரலளவே ஆன அக்கருவி ஒன்றுதான் கடலின் நிறம் பற்றிய பெருமுடிபு ஒன்றை அசைத்தது.

கடலின் நீலம் பற்றி அக்காலத்தில் அறிஞரிடை நிலவிய எண்ணம், றேலி பிரபுவின் வாக்கால் உறுதிபெற்றிருந்தது. வானத்தின் நீலம் காற்று மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலால் விளைவது எனக் காட்டிய அவர், ஆழ்கடலின் நீலமோ நீருக்குரியதன்று, அது தெறித்துத் தோன்றும் வானமே எனக் கருதினார். றேலியின் பெயருக்கு இருந்த மதிப்பை எண்ணினால், அதனை மறுத்துரைக்க ஒருவருக்குத் துணிவு வேண்டும். வாதத்தை விடவும் எளிய ஒரு வழி வேண்டும்.

1921 கோடையில் ஒக்ஸ்போர்டில் நடைபெற்ற பேரரசுப் பல்கலைக்கழகங்களின் மாநாட்டிற் கலந்துகொண்டு நார்க்குண்டா என்னும் கப்பலில் இந்தியா திரும்பிய சந்திரசேகர வெங்கட இராமன், அவ்வழியைத் தம் சட்டைப்பையில் வைத்திருந்தார். திருச்சிராப்பள்ளியில் 1888 இற் பிறந்து, 1917 முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியராயிருந்த அவருக்கு அது முதல் ஐரோப்பியப் பயணம். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. கப்பலின் தளத்தில் நின்று, நிக்கல் அரியம் ஒன்றினூடாகப் புறூஸ்ரர் கோணத்துக்கு அணித்தாகக் கடலை நோக்கி, அரியத்தைத் திருப்பினார். மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் வானொளி மறைந்தது. றேலியின் கூற்று மெய்யாயின், வானம் மறைந்ததும் நீலமும் மறைந்திருக்க வேண்டும். நீலம் மறையவில்லை, முன்னிலும் செறிந்து தோன்றியது. செப்டெம்பர் 26 ஆந் திகதி பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘நேச்சர்’ இதழுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இச்செய்தி அடங்கியிருந்தது.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் 1928 ஆம் ஆண்டின் இராமன் விளைவுக்கு முன்னுரையாகவே சொல்லப்படுகின்றது. அவ்வாறு சொல்வதிற் பிழையில்லை. திரவங்களில் ஒளிச்சிதறல் பற்றிய அவரது நீண்ட ஆராய்ச்சி அக்கப்பற்பயணத்திலிருந்தே வளர்ந்தது. 1928 பெப்ரவரியில், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் புதிய கதிர்களை ஆராய்ந்தபோது, அவை வெறும் ஒளிர்வு அல்ல எனத் துணியக் காரணங்களுள் ஒன்றாயிருந்ததும் அக்கதிர்கள் முனைவாக்கப்பட்டிருந்தமையே. ஆனால் கப்பல்தளத்து நிகழ்ச்சிக்குத் தன்னளவிலும் ஒரு பெறுமதி உண்டு. கமராக் கலைஞன் இன்று கல்முனைக் கரையிற் செய்வதையே இராமன் அன்று செய்தார்: மேலே கிடக்கும் ஒளியை விலக்கி, அதன் கீழே எது இருக்கின்றது என்று பார்த்தார். வேறுபாடு ஒன்றே. ஒருவர் அழகிய படத்தை நாடினார். மற்றவர் ஒரு வினாவுக்கு விடையை நாடினார்.

நேர்மைக்காக ஒன்று கூறவேண்டும். நீர் மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலுக்கு இராமன் அளித்த முதன்மையைப் பிற்கால அறிவு அப்படியே ஏற்கவில்லை. செவ்வொளியை நீர் உறிஞ்சிவிடுவதே கடலின் நீலத்துக்குத் தலையாய காரணம் என்பதும், சிதறல் எஞ்சிய நீலத்தை மேலே திருப்பியனுப்புகின்றது என்பதும் இன்றைய கொள்கை. உறிஞ்சலின் பங்கை இராமனும் மறந்தாரல்லர். எவ்வாறாயினும் நீலம் நீருக்கே உரியது என்ற அவரது அடிப்படை முடிபு நிலைபெற்றது. வானொளியின் முனைவாக்கத்தைப் பொறுத்தவரை, அதன் கணிதத்தை முழுமையாக வகுத்தவர் இராமனின் தமையன் மகனான சு. சந்திரசேகர். 1950 இல் வெளிவந்த கதிர்வீசற் கடத்தல் பற்றிய அவரது நூல் அத்துறைக்கு இன்றும் அடிப்படை நூலாகும்.

இராமனின் அரியம் கமராவுக்கு ஏன் பொருந்தவில்லை? விடை எளிது. நிக்கல் அரியத்தின் பார்வைப்புலம் ஒடுங்கியது. கமராவின் அகன்ற வில்லைக்கு ஏற்ற அரியம் செய்யப் பெரிய, பழுதற்ற கல்சைற்று வேண்டும். அத்தகைய கல் அரிது, விலையோ மிகுதி. எனவே கல்லை விட்டு வேறொன்றைத் தேடவேண்டியதாயிற்று. அத்தேட்டம் எங்கிருந்து தொடங்கியது என்பது சுவையான கதை.

1852 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர் வில்லியம் பேர்ட் ஹெரபாத்திடம் பயின்ற மாணவர் ஒருவர், குயினைன் ஊட்டப்பட்ட நாயின் சிறுநீரில் அயடீன் துளிகளை இட்டார். பச்சைநிறச் சிறு பளிங்குகள் தோன்றின. அவற்றை நுணுக்குக்காட்டியில் நோக்கிய ஹெரபாத், பளிங்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்த இடங்கள் இருண்டிருப்பதைக் கண்டார். அவை முனைவாக்கும் இயல்புடையன என்பதை உணர்ந்தார். குயினைன் இலங்கையருக்குப் புதிய பொருளன்று. அதனைத் தரும் சிங்கோனா மரம் 1861 இல் ஹக்கலையில் நாட்டப்பட்டது. 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்தில் மக்களின் உயிர் அதனை நம்பியே இருந்தது. காய்ச்சலுக்குக் கொடுத்த அக்கசப்பு மருந்தே வடிகட்டியின் மூதாதை என்பது பலர் அறியாதது.

ஹெரபாத்தின் பளிங்குகள் மிகச் சிறியன, தொட்டால் நொறுங்குவன. அவற்றைப் பெரிதாக வளர்க்கப் பலர் முயன்றனர். ஜெர்மனியில் பேர்னவர் என்பவர் அம்முயற்சியில் வெற்றிகண்டு, 1930களில் செயிஸ் நிறுவனத்தின் பெர்னோட்டார் வடிகட்டிக்கு வழிவகுத்தார். எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்க இளைஞர் எதிர்வழியிற் சிந்தித்தார். கலைடஸ்கோப் என்னும் விளையாட்டுக் கருவி பற்றிப் புறூஸ்ரர் எழுதிய நூலை இளமையிற் படித்தபோதே ஹெரபாத்தின் பளிங்குகளை அவர் அறிந்திருந்தார். ஒரு பெரிய பளிங்கை ஆக்குவதை விடுத்து, எண்ணிறந்த நுண்பளிங்குகளைக் குழைமப்பொருளில் இட்டு, அனைத்தையும் ஒரே திசையில் அடுக்கினால் போதுமே என எண்ணினார். 1929 இல், 19 வயதில், அதற்கு உரிமப்பதிவு கோரினார். 1934 இல் கொடாக் நிறுவனம் அவரிடமிருந்து வடிகட்டிகளைப் பெற உடன்பட்டது. 1937 இல் போலரோயிட் நிறுவனம் உருவாயிற்று. லாண்டின் உண்மையான கனவு வேறு. எதிரே வரும் மோட்டார் வாகன விளக்குகளின் கண்கூச்சத்தைப் போக்குவதே அது. வாகன உற்பத்தியாளர் அதனை ஏற்கவில்லை. கமராக்காரருக்குக் கிடைத்தது அக்கனவின் ஒரு கிளை மட்டுமே.

1938 இல் லாண்ட் பளிங்குகளையும் கைவிட்டார். பொலிவைனைல் மதுசாரம் என்னும் பல்பகுதியத் தாளைச் சூடாக்கி ஒரு பக்கமாக இழுத்தால், அதன் நீண்ட மூலக்கூறுகள் யாவும் இழுத்த திசையில் நேராகும். பின்னர் அதனை அயடீனில் தோய்த்தால் தாள் முனைவாக்கியாகும். இன்றுவரை கடைகளில் விற்கப்படும் வடிகட்டிகளின் உள்ளீடு பெரும்பாலும் இவ்வகையினதே. மருதமுனைக் கைத்தறியில் ஊடு நூல் விழுமுன் இழுத்துக் கட்டப்பட்ட பாவு நூல்களை மனக்கண் முன் கொண்டால் இவ்வமைப்பு விளங்கும். ஆனால் ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் ஆகாது. நூல்களுக்கு இணையாக அதிரும் ஒளி இடைவெளியால் நுழைந்து செல்லும் என்றே எவரும் முதலில் நினைப்பர். பாடநூல்கள் சிலவும் கம்பிவேலிப் படம் வரைந்து அவ்வாறே நினைக்கத் தூண்டுகின்றன. உண்மை மறுதலையானது. மூலக்கூற்றுச் சங்கிலி நெடுகிலும் இலத்திரன்கள் இயங்கவல்லன ஆதலால், சங்கிலிக்கு இணையாக அதிரும் ஒளியே உறிஞ்சப்படுகின்றது. குறுக்காக அதிர்வது கடந்து செல்கின்றது.

மலிவான தாள் கிடைத்த காலமும் வண்ணப் படச்சுருள் பரவத் தொடங்கிய காலமும் ஒன்றாயிருந்தமை குறிப்பிடத்தக்கது. கொடாக்குரோம் 1935 இல் வெளிவந்தது. அதற்கு முன் கறுப்பு வெள்ளைப் படத்தில் வானத்தை இருளச்செய்ய மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புக் கண்ணாடிகள் போதுமாயிருந்தன. வண்ணப் படத்தில் அவற்றை இட்டால் உலகமே மஞ்சளாகும். நிறத்தை மாற்றாது வானத்தை ஆழப்படுத்தும் வழியாக முனைவாக்கி எஞ்சியது. அதன் விலை பணத்தால் மட்டும் செலுத்தப்படுவதன்று. வரும் ஒளியிற் பாதிக்கு மேற்பட்டதை அது விழுங்கிவிடும்.

இதுவரை கூறப்பட்டவை யாவும் நேர்கோட்டு முனைவாக்கி பற்றியவை. வட்ட முனைவாக்கி தோன்றியது வடிகட்டியின் குறையாலன்று, கமராவில் ஏற்பட்ட மாற்றத்தால். 1965 இல் வெளிவந்த கனன் பெலிக்ஸ் கமராவில் ஒளியின் ஒரு பகுதியைக் கடத்தி, மறுபகுதியைத் தெறிக்கச் செய்யும் மெல்லிய ஆடி அமைந்திருந்தது. 1971 இன் கனன் எப்-1 கமராவிலும் ஒளிமானிக்கு வேண்டிய ஒளி அரைத்தெறிப்புப் பரப்பொன்றினாலேயே பிரிக்கப்பட்டது. 1985 இல் தானியங்கிக் குவியத்துடன் வந்த மினோல்ற்றா 7000 முதலாக இத்தகைய ஆடிகள் பொதுவழக்காயின. சாய்ந்த பரப்பொன்று முனைவாக்கப்பட்ட ஒளியைத் திசைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் தெறிக்கும் என்பது மாலூஸ் கண்ட உண்மையே. லக்சம்பேர்க் மாளிகையின் சாளரம் இப்போது கமராவின் உள்ளேயே குடிபுகுந்துவிட்டது! வடிகட்டியைத் திருப்புந்தோறும் ஒளிமானி ஒவ்வொன்று சொல்லலாயிற்று.

இதற்குத் தீர்வு பிரெனெல் 1820களில் விளக்கிய வட்ட முனைவாக்கத்திற் கிடைத்தது. நேர்கோட்டு முனைவாக்கியின் பின்புறத்திற் கால் அலைத் தகடு ஒன்றை 45 பாகை சாய்த்து ஒட்டினால், வெளிவரும் ஒளியின் அதிர்வு சுழன்று செல்லும், எத்திசைக்கும் பக்கஞ்சாராது, ஆடியும் மானியும் ஏமாறா. வானத்தையும் நீரையும் பொறுத்த வேலை முழுவதையும் முன்புறத்து நேர்கோட்டுத் தாளே செய்கின்றது என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். கால் அலைத் தகடு ஓர் அலைநீளத்துக்கே சரியாகப் பொருந்தும்; பிற நிறங்களுக்குச் சற்றுப் பிழைக்கும். பல நிறங்களுக்கும் ஒருங்கே பொருந்துமாறு தகடுகளை இணைக்கும் முறையொன்றை 1955 இல் பெங்களூரில் வகுத்தவர் பஞ்சரத்தினம். அப்போது அவர் இருபது வயதினைக் கடந்த இளைஞர்; இராமனின் சகோதரி மகன். 1969 இல் ஒக்ஸ்போர்டில் இளமையிலேயே மறைந்தார். அவரது பெயர் தமிழ் மாணவரிடையே பெற்றிருக்க வேண்டிய இடத்தைப் பெறவில்லை.

2008 முதல் ஆடியற்ற கமராக்கள் சந்தைக்கு வந்தன. அரைத்தெறிப்பு ஆடி இல்லாதபோது கால் அலைத் தகட்டுக்குரிய தேவையும் பெரும்பாலும் இல்லையாகின்றது. பழைய கைம்முறைக் கமராக்களுக்கும் இது பொருந்தும். ஆடியுள்ள தானியங்கிக் கமரா வைத்திருப்போர் வட்ட முனைவாக்கியை வாங்குவது இன்றியமையாதது; ஏனையோர் விலை குறைந்த நேர்கோட்டு வகையுடன் நிறைவுறலாம். வாங்குவது எவ்வகை என ஐயம் எழுந்தால் கடையிலுள்ள முகம் பார்க்கும் கண்ணாடியே தீர்ப்புச் சொல்லும். வடிகட்டியின் திருகுபுரிப் பக்கம் கண்ணாடியை நோக்க, மறுபக்கத்தால் அதனூடே பார்த்தால், விம்பத்தில் வடிகட்டி இருண்டு தோன்றுமாயின் அது வட்ட முனைவாக்கி. சென்ற ஒளி சுழற்சி மாறித் திரும்பி வந்து தாளில் அகப்பட்டுக்கொள்வதே காரணம். நேர்கோட்டு வகை அவ்வாறு இருளாது.

வானத்தின் நீலத்தை இன்று கணினியில் ஆழப்படுத்தலாம். ஆகவே வடிகட்டியே வேண்டாம் என்போரும் உளர். வானத்தைப் பொறுத்தவரை அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. நீரைப் பொறுத்தவரை இல்லை. நீர்ப்பரப்பின் ஒளிர்வு அடியிலுள்ள மணலையும் பாறையையும் மூடிவிட்டபின், படத்திற் பதியாத பொருளை எந்தக் கணினியும் மீட்டுத்தராது. எந்த ஒளியை விலக்குவது என்னும் முடிவு படம் எடுக்குமுன்னரே எடுக்கப்படவேண்டியது.

அம்பாறைக் கரையில் அம்முடிவு வேளையையும் திசையையும் பொறுத்தது. கல்முனை வட அகலக்கோடு ஏழரைப் பாகையை அடுத்துள்ளது. ஏப்ரல், செப்டெம்பர் மாதங்களின் முற்பகுதியில் நண்பகற் சூரியன் உச்சிக்கு வரும். அப்போது 90 பாகை விலகிய வளையம் தொடுவானத்தில் வீழ்ந்து புகாரில் மங்கிவிடும். வடிகட்டியால் வானத்துக்குக் கிடைக்கும் பயன் சிறிது. பிற்பகலில், சூரியன் முதுகுப்புறம் வயல்களின் மேல் நிற்க, கிழக்கே கடலை நோக்குபவருக்கு வானம் அதிகம் மாறாது. காலடி நீரோ நன்கு தெளியும். தகரக் கூரைகளின் ஒளிர்வு எவ்வேளையிலும் அகலாது. உலோகத் தெறிப்பு இவ்விதிக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. மிக அகன்ற கோண வில்லைகளை இடுவோர் வானத்தின் ஒரு பாதி இருண்டும் மறுபாதி வெளிறியும் இருக்கக் காண்பர்.

சூரியன் கடலிலிருந்து எழும் காலையில், கரை நெடுகிலும் வடக்கே மருதமுனைப் பக்கமாகவோ தெற்கே நிந்தவூர்ப் பக்கமாகவோ நோக்குபவருக்கே சிக்கல் மிகப் பெரிது. அவ்வேளையில் 90 பாகை வளையம் வட தொடுவானத்திலிருந்து உச்சி ஊடாகத் தென் தொடுவானத்துக்குச் செல்கின்றது. எனவே அத்திசைகளின் வானொளி மிகுதியாக முனைவாக்கப்பட்டிருக்கும். அதன் அதிர்வு நிலைக்குத்தானது. ஈரமணலிலும் ஆழமற்ற நீரிலும் தெறிக்கும் ஏனைய ஒளியின் அதிர்வோ கிடையானது. ஒன்றை மறைக்கத் திருப்பிய வடிகட்டி மற்றையதை முழுமையாக உள்ளே விடும். வானத்தை ஆழப்படுத்தினால் நீர் ஒளிரும். நீரைத் தெளிவாக்கினால் வானம் வெளிறும். நேர்கோட்டு வகையும் வட்ட வகையும் இங்கு ஒன்றே, விலையாலும் பயனில்லை. வளையத்தைத் திருப்பும் விரல், வானமா நீரா என்று ஓரிடத்தில் நின்றாக வேண்டும்.